ஆற்றைக் காக்கும் நுண்ணுயிர்கள்

விடியற்காலையில் பால்வெட்டுக்குச் செல்வோர், ஆற்று மீன்கள் நீரின் மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து மூடித் திணறுவதைச் சில வேளைகளில் கண்டிருக்கலாம். நீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்பதற்கு அஃதோர் அறிகுறியாகும். அதனைக் குறைப்பவை யாவை? பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே.

நம் நாட்டின் வெப்பநிலையில் ஒரு லிட்டர் ஆற்றுநீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்திருக்கும். மீன்களும் நுண்ணுயிர்களும் அதனைப் பங்கிட்டு வாழ்கின்றன. உதிர்ந்த இலைகளையும் சருகுகளையும் நுண்ணுயிர்கள் உண்டு சிதைக்கின்றன. அந்த உணவு அளவோடு இருக்கும்வரை ஆறு தன்னைத்தானே தூய்மை செய்துகொள்கிறது.

ரப்பர் பாலில் மூன்றில் ஒரு பங்களவே ரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். அதில் சர்க்கரையும் புரதமும் கலந்துள்ளன. ஆலையில் அமிலமிட்டுப் பாலை உறையவைத்தபின் வெளியேறும் கழிவுநீரில் இவை தங்கிவிடுகின்றன. அந்நீர் அப்படியே ஆற்றில் கலந்தால் நுண்ணுயிர்களுக்குப் பெருவிருந்து கிடைக்கிறது. அவை பன்மடங்காகப் பெருகிப் பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. இரவில் பாசிகள் பிராணவாயுவை வெளியிடுவதில்லை. ஆதலால் விடியும் வேளையில் பற்றாக்குறை மிகுகிறது. அது முற்றும் தீர்ந்தால், பிராணவாயு வேண்டாத வேறு நுண்ணுயிர்கள் தலையெடுக்கின்றன. நீர் கறுக்கிறது, அழுகிய முட்டையின் நாற்றம் வீசுகிறது.

இதே நுண்ணுயிர்களை நமக்குத் துணையாக்கிக்கொள்ளும் ஏற்பாடுதான் ஆலையின் கழிவுநீர்க் குளங்கள். ஆழமான முதற்குளத்தில் பிராணவாயு வேண்டாதவை கழிவைச் சிதைக்கின்றன. ஆழம் குறைந்த அடுத்த குளத்தில் பச்சைப்பாசி சூரிய ஒளியால் பிராணவாயுவை வெளியிடுகிறது; அதனைக் கொண்டு மற்ற நுண்ணுயிர்கள் எஞ்சிய கழிவை உண்கின்றன. மலேசியாவில், 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1978இல் வகுக்கப்பட்ட விதிகள், ரப்பர் ஆலைகளின் கழிவுநீருக்கு வரம்பு விதித்தன.

இக்குளங்கள் உயிருள்ளவை. களைக்கொல்லி தெளித்த பம்பை அவற்றிலோ ஆற்றிலோ கழுவாதீர்கள்; அம்மருந்து பாசியையும் அழிக்கக்கூடும். மிச்சப் பாலையும் வாளி கழுவிய நீரையும் ஆற்றில் ஊற்றாதீர்கள். நீர் கறுத்தாலோ மீன்கள் திணறினாலோ பிள்ளைகளை அங்கே குளிக்க விடாதீர்கள். தோட்ட நிர்வாகத்திற்கோ சுற்றுச்சூழல் இலாகாவுக்கோ உடனே தெரிவியுங்கள். நம் தோட்டத்தைக் கடந்து செல்லும் நீரை நம்பி, ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் குடும்பங்கள் வாழ்கின்றன.