காற்றில் நகரும் படகு

இயந்திரம் நின்றுவிட்ட படகு கடலில் எங்கே போகும்? ‘காற்று போகும் பக்கம்’ என்று எங்கள் ஊர்ச் சிறுவனும் சொல்வான். எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல இயற்பியல் வேண்டும். எங்கள் மீனவக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். விசைகளைப் பற்றிப் படித்த நாள் முதல் இந்தக் கணக்கைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆவல் எனக்கு உண்டு. அதனை எளிய முறையில் காண்போம்.

நீருக்கு மேலே நிற்கும் பகுதியைக் காற்று தள்ளுகிறது; அமிழ்ந்த பகுதியை நீர் தடுக்கிறது. இவ்விரு விசைகளும் சமமாகும்போது படகு சீரான வேகத்தில் நகரும். விசை ஒவ்வொன்றும் அடர்த்தி, பரப்பு, வேகத்தின் வர்க்கம் ஆகிய மூன்றின் பெருக்கத்தைப் பொறுத்தது. காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோகிராம், கடல்நீருக்கு 1,025 கிலோகிராம். அதாவது சுமார் 850 மடங்கு. 850-இன் வர்க்கமூலம் 29. எனவே மேலும் கீழும் பரப்பு சமமானால், படகின் வேகம் தோராயமாகக் காற்றின் வேகத்தில் 29-இல் ஒரு பங்கு.

மேற்பரப்பு கீழ்ப்பரப்பைப் போல 4 மடங்கானால் இவ்வேகம் இரட்டிக்கும். மணிக்கு 29 கிலோமீட்டர் காற்றில் படகு 2 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 10 மணி நேர இரவில் 20 கிலோமீட்டர்! மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது, இராமேசுவரத்துப் படகு 1974 உடன்பாட்டில் வகுத்த கடல் எல்லையை நோக்கித் தள்ளப்படும். எல்லை தாண்டும் எண்ணமே இல்லாதவனையும் காற்று தாண்டச் செய்துவிடும்.

தடுப்பது எவ்வாறு? ஆழம் குறைந்த இடத்தில் நங்கூரமே போதும். ஆனால் கயிறு ஆழத்தைப் போல 5 முதல் 7 மடங்கு நீளம் வேண்டும். கயிறு குறுகினால் இழுவிசை மேல்நோக்கித் திரும்பி, நங்கூரத்தைத் தரையிலிருந்து பெயர்த்துவிடும்.

ஆழமான இடத்தில் கூம்பு வடிவக் கித்தான் பையைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கலாம். இங்கேதான் வர்க்கக் கணக்கை மறக்கக் கூடாது. வேகத்தைப் பாதியாக்க, நீரின் தடை 4 மடங்காக வேண்டும். ஒரு வாளியைக் கட்டித் தொங்கவிட்டால் போதாது. பையின் வாய் படகுக்கு ஏற்ற அகலம் கொண்டிருக்க வேண்டும். அணியத்தில் கட்டினால் படகு காற்றை எதிர்நோக்கித் திரும்பும். அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்க்கும் அபாயமும் குறையும். பை நீரோட்டத்தை நிறுத்தாது என்பதையும் நினைவில் கொள்க. நீரோடு அதுவும் போகும்.

இதனால் தொழிலுக்கும் நன்மையுண்டு. படகு விரைந்து நகர்ந்தால் தூண்டில் இரை மேலெழுந்துவிடும். மெல்ல நகர்ந்தால் மீன் இருக்கும் ஆழத்திலேயே நிற்கும். அமெரிக்க ஏரிகளில் ‘பாஸ்’ மீன் பிடிப்போரும் இதற்காகவே இத்தகைய பையைப் பயன்படுத்துகின்றனர்.

கித்தானும் கயிறும் கிடைத்தால் ஊர்த் தையற்காரரே இதைத் தைத்துவிடலாம். கடலோரத்திலிருந்து வந்து படிக்கும் நண்பர்களே, விடுமுறைக்குச் செல்லும்போது நம் தந்தையரிடம் இக்கணக்கைச் சொல்வோம். 20 கிலோமீட்டர் 10 ஆகக் குறைந்தால், விடிந்ததும் தேடி வரும் படகுக்கு அவர்கள் அத்தனை அருகில் இருப்பார்கள்.