கால்விரல் விறைப்பு

குளிர்காலம் தொடங்கியதும் எம்மவர் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "கால்விரல் விறைக்குது" என்பதாகும். சில்க்போர்க்கில் வாழ்வோர் இதனைக் குளிரின் குற்றமென்று தள்ளிவிடுவது எளிது. குளிரில் தோலின் நுண்ணிய குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. வீட்டினுள் வந்து சூடேறியதும் உணர்வு மீள்கிறது. தொழிற்சாலையில் இறுக்கமான சப்பாத்துடன் நாள்முழுதும் நிற்பதாலும் விரல்கள் விறைக்கலாம். ஆனால் சூடான அறையிலும் இரவுப் படுக்கையிலும் நீடிக்கும் விறைப்பைக் குளிரின் மேற் சுமத்தலாகாது.

முதலில் ஐயுறவேண்டியது நீரிழிவு. எம் ஊர்ப் பேச்சிற் சலரோகம். குருதியில் மிகும் வெல்லம் ஆண்டுக்கணக்கில் நரம்புகளையும் அவற்றை ஊட்டும் நுண்குழாய்களையும் சிதைக்கிறது. உடலில் மிக நீண்ட நரம்புகள் கால்விரலை நோக்கிச் செல்வனவே. ஆதலின் கேடு விரல்நுனியில் தொடங்கி, பெரும்பாலும் இரு கால்களிலும் மேலேறும். தென்னாசியருக்கு இந்நோய் ஐரோப்பியரினும் இளவயதிலேயே, பருமனற்ற உடலிலுங்கூட வருகிறது. நுண்குழாய்க் குருதியோட்டத்தை ஆராய்ந்து 1920இல் நோபல் பரிசு பெற்ற ஓகஸ்ட் குரோ, எமது யூலண்டின் கிரேனோவிற் பிறந்தவர். அவர் மனைவி மரீ வைத்தியர், நீரிழிவு நோயாளியுமாவார். 1922இல் அவர்கள் மேற்கொண்ட பயணத்தின் பயனாகவே கனடாவின் இன்சுலின் செய்முறை டென்மார்க்கை அடைந்தது.

மச்சம், முட்டை, பால் குறைந்த உணவினாலும், மெட்போமின் குளிசையை நெடுங்காலம் உட்கொள்வதாலும் உயிர்ச்சத்து பி12 குறைந்து நரம்பு நலியலாம். ஒரு காலில் மட்டும், முதுகுநோவுடன் வரின் முள்ளந்தண்டில் நரம்பு நசிந்திருக்கக்கூடும். மதுவும் ஒரு காரணமே. இதனை மறைப்போர் பலர். திடீரென ஒருபக்கக் கையும் காலும் விறைத்து, வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ தாமதியாது 112ஐ அழைக்க வேண்டும்.

பெற்றோருக்கு மொழிபெயர்க்கச் செல்லும் மாணவர் இங்கு கவனிக்க. 'விறைப்பு' என்னும் சொல்லுக்கு வளையாமை, உணர்வு மரத்தல் என இரு பொருளுண்டு. முதற்பொருளைக் கொண்டு டெனிஷில் 'ஸ்டீவ்' என்றால் வைத்தியர் மூட்டைச் சோதிப்பார், நரம்பை எண்ணார். "தொட்டால் தெரிவதில்லை" என்று கூறுக. அப்போது அவர் மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டும், அதிரும் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தும் பார்ப்பார். உணர்வு குன்றியதாகக் கண்டால், இரவுதோறும் பெற்றோரின் உள்ளங்காலை விளக்கொளியிற் பாருங்கள். அவர்கள் அறியாத புண் அங்கு இருக்கக்கூடும். காலையிற் சப்பாத்தை அணியுமுன் உள்ளே கல் கிடக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்துக் கொடுங்கள்.