45292-ஆம் நாளின் ஜாதகம்

கேள்வி: எக்ஸலில் இருந்து வந்த சிஎஸ்வி கோப்பில் 2024 ஜனவரி 1-க்குப் பதில் 45292 என்று இருக்கிறது. 1900 ஜனவரி 1-உடன் அத்தனை நாளைக் கூட்டும்படி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஜனவரி 3 வருகிறது. எங்கே தப்பு?

பதில்: உங்கள் மேல் பாதி, எக்ஸல் மேல் பாதி. 1900 ஜனவரி 1-க்கு எக்ஸல் தரும் எண் 0 அல்ல, 1. ஒரு நாள் அங்கே போயிற்று. மற்ற நாள்தான் சுவாரசியம். 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் விடிந்து அடைந்ததாக எக்ஸல் சாதிக்கிறது. நூற்றாண்டு வருடம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் என்பது 1582-லேயே போப் கிரகோரி தீர்த்துவைத்த வழக்கு.

'மைக்ரோசாஃப்ட்காரர்கள் கணக்கில் கோட்டைவிட்டார்கள்' என்பது டீக்கடை வரலாறு. கோட்டைவிட்டது 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள். அதன் வாடிக்கையாளர்களை இழுக்க வேண்டுமானால் பழைய தாள்களில் ஒரு தேதியும் நகரக் கூடாது. ஆகவே எக்ஸல் அந்தப் பிழையைத் தெரிந்தே காப்பியடித்தது. பரீட்சையில் பக்கத்துப் பையனின் தப்பான விடையையும் சேர்த்து எழுதியது போல. பழைய மேக் எக்ஸல் 1904-இலிருந்து எண்ணத் தொடங்கி, இந்த வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. அந்தக் கோப்புகளில் 1462 நாள் இடிக்கும். அழ வேண்டாம், கூட்டிக்கொள்ளுங்கள்.

வைத்தியம்: 25569-ஐக் கழித்து 86400-ஆல் பெருக்கினால் 1970-இலிருந்து ஓடும் யூனிக்ஸ் நொடிக்கணக்கு கிடைக்கும். அதை டேட் கட்டளையிடம், யூடிசி என்று சொல்லிக் கொடுங்கள். ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுதச் சொல்லுங்கள். ஆமாம், என் பழைய பல்லவிதான்! 1988-லேயே ஐஎஸ்ஓ 8601 சொல்லிவிட்டது; கேட்கத்தான் ஆளில்லை. 03/04 என்பதைச் செட் கட்டளை ஒரே வரியில் திருப்பிப் போடும். அது மார்ச்சா ஏப்ரலா என்று எந்தச் செட்டுக்கும் தெரியாது.

கேள்வி: அந்த இல்லாத பிப்ரவரி 29-இல் யாராவது பிறந்திருந்தால்?

பதில்: பிறந்தாரே! கிரேக்கக் கவிஞர் ஜார்ஜ் செஃபெரிஸ், 1963-இல் இலக்கிய நோபல் பெற்றவர். அவர் பிறந்தபோது கிரேக்கர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். அதில் 1900 லீப் வருடம். புதுக் கணக்கில் அது மார்ச் 13. ஆனாலும் 1900 பிப்ரவரி 29 என்று எக்ஸலில் போட்டுப் பாருங்கள், 60 என்று எண் கொடுத்து உட்கார வைக்கும். லினக்ஸின் டேட் கட்டளையோ செல்லாத தேதி என்று நோபல் கவிஞரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

கேள்வி: 45292 ராசியாகத் தெரிகிறதே, லாட்டரியில் போடலாமா?

பதில்: தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. கேரள டிக்கெட்டில் ஆறு இலக்கம் வேண்டும். எக்ஸல் ஆறு இலக்கத்தைத் தொடுவது 2173 அக்டோபர் 14. ஆண்டை முன்னால் எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா?