ரயில் பூச்சிக்கு எதற்கு இத்தனை கால்?

போன மாதம் நம்ம இளைஞர் பிரிவு கோயில் பின்புறத்தில் நடத்திய கோத்தோங்-ரோயோங் ஞாபகம் இருக்கிறதா? மாமரத்தடிச் சருகை வாரியதும் அடியிலிருந்து கொத்துக் கொத்தாக ரயில் பூச்சிகள் கிளம்பின. "பூரான்! பூரான்!" என்று ஒரு தம்பி கத்த, இன்னொருவர் ஓடிப்போய்ப் பூச்சி மருந்து டின்னை எடுத்து வந்து அடித்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சுருண்டு கிடந்தன. நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

முதல் விஷயம், அது பூரான் இல்லை. பூரான் வேட்டையாடும் பிராணி. வேகமாக ஓடும், கடித்தால் விஷம் ஏறும். ரயில் பூச்சி என்று நாம் சொல்வது மரவட்டை. மலாயில் கொங்கோக். அது தின்பது பெரும்பாலும் அழுகிய இலையும் மக்கிய மரமும்தான். நம்மைக் கடிப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. அடையாளம் கண்டுபிடிப்பதும் சுலபம். பூரானுக்கு ஒரு கணுவுக்கு ஒரு ஜோடி கால், அதுவும் பக்கவாட்டில் விரிந்திருக்கும். மரவட்டைக்குப் பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடி, உடம்புக்கு அடியில் மறைந்திருக்கும். இரண்டு கணுக்கள் ஒன்றாக ஒட்டி ஒரு வளையமாகியிருப்பதால்தான் இந்த இரட்டைக் கணக்கு. தலையை அடுத்த வளையத்தில் மட்டும் காலே கிடையாது. அதற்குப் பின்னால் வரும் மூன்றில் ஒவ்வொரு ஜோடி. குட்டி முட்டையிலிருந்து வரும்போது பொதுவாக மூன்று ஜோடிக் கால்தான் இருக்கும். தோலுரிக்க உரிக்க வளையமும் காலும் கூடிக்கொண்டே போகும். ரயிலுக்குப் பெட்டி சேர்ப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இத்தனை கால் எதற்கு? இதில் நானே ஏமாந்த கதை ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டில் எங்கள் குழு ஒரு ரோபோ செய்தது. கால் கூடினால் வேகம் கூடும் என்று நம்பி 12 கால் வைத்தோம். மேசை மேல் ஆமை மாதிரி நகர்ந்தது. நண்பர்கள் சிரித்தார்கள். ஆனால் எதிரே ஒரு தடித்த புத்தகத்தை வைத்தபோது, அதைத் தள்ளிக்கொண்டே போனது! மரவட்டையின் ரகசியமும் அதுதான். அந்தக் கால்கள் ஓடுவதற்கு இல்லை, தள்ளுவதற்கு.

அடுத்த முறை பார்க்கும்போது குனிந்து கவனியுங்கள். ஒரு ஜோடியில் இடது காலும் வலது காலும் ஒன்றாகவே எழும்பும். அந்த அசைவு வாலிலிருந்து தலைப்பக்கமாக அலை அலையாக ஓடும். எந்த நேரத்திலும் ஏராளமான கால்கள் மண்ணில் ஊன்றியே இருக்கும். எதிரே கெட்டியான மண் வந்தால், காலைத் தூக்கும் நேரத்தைக் குறைத்து ஊன்றித் தள்ளும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளும். லோரி முதல் கியரில் மேடு ஏறுகிறதே, அதே கணக்கு. தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சுண்ணாம்புச் சத்து ஏறிய வளையங்களைக் கவசமாக வைத்துக்கொண்டு, சருகுக்கும் மண்ணுக்கும் உள்ளே முட்டி வழி செய்கிறது. நாங்கள் மோட்டார் வாங்கப் பணம் சேர்த்துத் திண்டாடியதை அது எப்போதோ முடித்துவிட்டது.

எப்போதோ என்றால், எப்போது? ஸ்காட்லாந்தில் மைக் நியூமன் என்ற பஸ் ஓட்டுநர் கடற்கரைப் பாறையில் ஒரு மரவட்டைப் புதைபடிவத்தைக் கண்டெடுத்தார். அதற்கு வயது 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல். காற்றைச் சுவாசிக்கும் துளைகள் அதில் தெரிகின்றன. டைனோசர் வருவதற்கு 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இவை தரையில் நடந்திருக்கின்றன. இன்றைக்குப் பெயர் சூட்டப்பட்ட இனங்கள் மட்டும் சுமார் 12,000. ஆயிரங்கால் என்று சொன்னாலும் 2021 வரை உண்மையில் ஆயிரம் கால் உள்ள ஒன்றை யாரும் அறிவித்ததில்லை. கலிபோர்னியாவின் ஓர் இனத்துக்கு இருந்த 750 கால்தான் சாதனை. மேற்கு ஆஸ்திரேலியாவில், கனிமம் தேடித் துளையிட்ட குழியில், 60 மீட்டர் ஆழத்திலிருந்து கிடைத்த கண்ணில்லாத ஒன்றைப் பற்றி அந்த வருடம் அறிவித்தார்கள். ஒரு பெண் மரவட்டைக்கு எண்ணிப் பார்த்தால் 1,306 கால். நீளம் 10 சென்டிமீட்டர்கூட இல்லை, நூல் மாதிரி உடம்பு.

தள்ளுவதற்காகச் செய்த உடம்பு ஓடித் தப்பிக்க உதவாது. அதனால்தான் தொட்டால் சுருள்கிறது. நம் மலைக்காடுகளில் கோலிக்குண்டு மாதிரி முழு உருண்டையாகிவிடும் வகையும் உண்டு. அதற்குக் கவசம் மட்டுமே போதும், விஷச் சுரப்பி கிடையாது. மற்ற பலவற்றுக்கு உடம்பின் ஓரத்தில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. நம் வீட்டுப் பக்கம் வரும் உருளை வடிவ மரவட்டைகள் குயினோன் என்ற ரசாயனத்தைக் கசியவிடும். கையில் பட்டால் பழுப்புக் கறை. கண்ணில் பட்டால் கடும் எரிச்சல். ஆகவே கையில் எடுத்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதுவரை கண்ணைக் கசக்காதீர்கள். வெனிசுவேலாவில் கப்புச்சின் குரங்குகள் மழைக்காலத்தில் மரவட்டையைப் பிடித்து உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்கின்றன. கொசு விரட்டவாம்!

தட்டை உடம்பு வகை இன்னும் பயங்கரம். அது வெளியிடுவது சயனைடு வாயு. தன்னையே கொன்றுகொள்ளாதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சுரப்பிக்கு இரண்டு அறைகளாம். ஒன்றில் மூலப்பொருள், மற்றதில் அதை உடைக்கும் நொதி. ஆபத்து வந்தால்தான் இரண்டும் கலக்கும். தாய்லாந்தில் 2007இல் பெயரிடப்பட்ட பளீர் ரோஜா நிற மரவட்டை இந்த வகைதான். அந்த நிறமே "கிட்டே வராதே" என்ற அறிவிப்பு.

ரயில் பூச்சி நிஜ ரயிலை நிறுத்திய கதையும் இருக்கிறது. ஜப்பானில் ஓர் இனம் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏழு வருடம் எடுத்து, எட்டாம் வருடம் கூட்டம் கூட்டமாக வெளியே வருகிறது. 1920இல் தோக்கியோவுக்கு மேற்கே மலைப்பாதையில் தண்டவாளத்தை மூடிக்கொண்டு ரயிலையே நிற்க வைத்துவிட்டது.

நம் வீட்டுக்குள் அவை வருவது படையெடுப்பு இல்லை. மரவட்டையின் தோல் ஈரத்தைச் சரியாகப் பிடித்து வைக்காது, காய்ந்தால் செத்துவிடும். கனமழையில் மண்ணில் நீர் நிரம்பினாலும் இருக்க முடியாது, மேலே ஏறிவிடும். அப்படி ஏறி வழி தவறியதுதான் குளியலறையில் நிற்கிறது. அதன் உண்மையான வேலை சருகுக்கு அடியில். இலையைத் தூளாக்கித் தின்று, சிறு சிறு உருண்டைகளாக வெளியேற்றும். அதன் மேல் பூஞ்சையும் பாக்டீரியாவும் சீக்கிரம் பிடித்துக்கொள்ள, இலையிலிருந்த சத்து மரத்தின் வேருக்குத் திரும்பிப் போகிறது. நாம் அன்றைக்கு மருந்து அடித்தது அந்த மாமரத்தின் சமையல்காரர்கள் மேல்.

அடுத்த மாதம் கோத்தோங்-ரோயோங்குக்கு நான் ஒரு முறமும் பழைய வாளியும் கொண்டு வருகிறேன். நடைபாதையில் இருப்பவற்றை முறத்தில் தள்ளி வாளியில் போடுவோம். மரத்தடிச் சருகை ஒரு மூலையில் குவித்து, வாளியை அங்கே கவிழ்த்தால் வேலை முடிந்தது. "பூரான்" என்று கத்திய தம்பி, வாளி உன் கையில்.