பழைய லேப்டாப்பே போதும்

கொழிஞ்சாம்பாறையானாலும் மூணாறானாலும், நண்பர்களோடு ஆட வீட்டிலேயே மைன்கிராஃப்ட் சர்வர் வைக்க ஆசைப்படும் பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டியது: கடைக்கு ஓடாதீர்கள்.

நம்பிக்கை: நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்.

உண்மை: வேண்டாம். காட்சியை வரைவது ஆடுபவரின் கணினி. சர்வர் போடுவது கணக்கு மட்டும், நொடிக்கு 20 முறை. அதில் பெரும்பகுதி ஒரே கோரில் ஓடுவதால், மந்தமான எட்டு கோரைவிட வேகமான நாலு கோர் மேல். ஐந்தாறு பேருக்கு 4 ஜிபி ரேம் ஒதுக்கினால் தாராளம்.

நம்பிக்கை: லேப்டாப் சர்வருக்கு ஆகாது.

உண்மை: மலைப்பக்கத்துக்கு அதுதான் தோது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் மூணாறுக்குப் பக்கத்தில், பள்ளிவாசலில் ஓடத் தொடங்கியது. ஆனாலும் ஆடி மழையில் மரம் கம்பிமேல் சாய்ந்தால் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் கரண்ட் போகத்தான் செய்யும். பதிவாகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், மாதக்கணக்கில் கட்டிய உலகமே கெட்டுப்போகலாம். லேப்டாப்பில் பேட்டரி தாங்கிக்கொள்ளும். உப்பிய பேட்டரி என்றால் மட்டும் கழற்றிவிடுங்கள். 100 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் இரவு பகலாக ஓடினால் மாதம் 72 யூனிட். 25 வாட் லேப்டாப்புக்கு 18. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கேஎஸ்இபி பில்லில் அந்த வித்தியாசம் தெரியும். ஐப்பசி இடிக்கு யூபிஎஸ்ஸை நம்ப வேண்டாம், பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

நம்பிக்கை: ஸ்பீடான பைபர் இணைப்பு இருந்தால் வெளியூர் நண்பர்களும் சேரலாம்.

உண்மை: காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பல நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வான் (WAN) முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், மைன்கிராஃப்ட் சர்வருக்கான 25565 போர்ட்டை எத்தனை முறை திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. தனி ஐபி கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் டெயில்ஸ்கேல் போன்ற செயலியை எல்லாரும் போட்டுக்கொள்ளலாம். எதையும் வாங்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

நம்பிக்கை: மென்பொருளுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும்.

உண்மை: லினக்ஸும் பேப்பர் என்ற சர்வர் மென்பொருளும் இலவசம். கணினிப் பதிப்பில் ஓடும் அந்தச் சர்வருக்குள் போனில் ஆடும் தம்பியும் வர வேண்டுமென்றால், கெய்சர் என்ற பிளகினைச் சேருங்கள். அவன் வரும் வழி 19132 போர்ட்.