முதியோர் துணையும் எளிய சிறுவர் கல்வியும்

ஒரு வகுப்பிலே நாற்பது மாணாக்கர் இருப்பாராயின், அவருள் ஐந்தாறு பேர் வாசிக்கமாட்டாதவராய்க் கடைசி வாங்கிலே ஒதுங்கியிருத்தலை உபாத்தியாயர் யாவரும் அறிவர். அவரை ஒவ்வொருவராக அருகிருத்தி எழுத்துக்கூட்டி வாசிப்பித்தற்கு ஆசிரியருக்கு மனம் உண்டு, நேரம் இல்லை. வீட்டிலோ தாய் கூலிக்குப் போயிருப்பாள்; தந்தை இலனாவன், அன்றி இருந்தும் எழுத்தறியானாவன். மூன்றாம் வகுப்பைக் கடக்குமுன் வாசிக்கப் பழகாத பிள்ளைக்கு, அதன்பின் பூமிசாஸ்திரமும் சரித்திரமும் வாசிப்பின் வழியாகவே வருதலால், எல்லாப் பாடமும் ஒருங்கே அடைபட்டுவிடும். இக்குறை தீர்த்தற்கு அதே ஊரில் வேலையொழிந்திருக்கும் முதியோரைத் துணைக்கொள்ளலாமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது. ஐக்கிய அமெரிக்காவிலே இது நெடுங்காலம் செய்து பார்க்கப்பட்டதாதலின், அங்கு நிகழ்ந்ததை அறிதல் நமக்குப் பிரயோசனமாம்.

1965ஆம் ஆண்டில், சனாதிபதி ஜோன்சன் வறுமையை ஒழித்தற்கு மேற்கொண்ட முயற்சிகளுள் ஒன்றாக, வளர்ப்புப் பாட்டன் பாட்டியர் என்று பொருள்படும் பெயரோடு ஓர் ஏற்பாடு அங்கே தொடங்கிற்று. 60 வயதுக்கு மேற்பட்ட வறியோரே அதிற் சேர்க்கப்பட்டனர். (அவ்வயதெல்லை 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் 55 ஆகக் குறைக்கப்பட்டது.) வைத்தியசாலைகளிலும் பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கும் நிலையங்களிலும் தமக்கென்று ஒருவரும் இல்லாத சிறுவர் பலர் அந்நாளில் இருந்தனர். ஒரு முதியவருக்கு இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம். வாரத்தில் ஐந்து நாள். தொடக்ககாலத்தில் இதுவே பொதுவான ஒழுங்காயிருந்தது.

செல்வர் கொடுக்க வறியர் வாங்குவதே தருமம் என்று எண்ணிப் பழகிய நமக்கு, வறிய முதியோரைத் தேடி அழைத்த இம்முறை புதுமையாய்த் தோன்றும். அவர்களுக்குச் சிறிய உதவிப்பணமும் வழிச்செலவும் கொடுக்கப்பட்டன. பணம் வாங்கிச் செய்வது தொண்டாகுமோ என்று வினவுவார் உளர். அரைவயிற்றோடிருக்கும் கிழவியைத் தன் காசிலே பஸ் ஏறி நாடோறும் வந்துபோகச் சொல்லுதல் யாருடைய தருமம் என்று அவரை யாம் வினவுகின்றோம். சம்பளம் பெறும் ஊழியரை நீக்கி அவ்விடத்தில் இம்முதியோரை வைத்தலாகாது என்னும் விதியும் அங்கே உண்டு. தம் தொழிலுக்குப் பங்கம் வருமோ என்று அஞ்சும் ஆசிரியர் இதனை நோக்குக.

இம்முறையைப் பாடசாலைக்கே கொண்டுவந்தது, 1990களின் நடுவிலே தோன்றிய எக்ஸ்பீரியன்ஸ் கோர் என்னும் ஏற்பாடு. அதனை அநுபவசாலிகள் சேனை என்னலாம். பால்றிமோர் நகரத்திலே முதியோர் ஒவ்வொருவரும் வாரத்துக்கு 15 மணிநேரம் கீழ்வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தனர். வாசிப்பித்தல், நூல்நிலையத்தை நடத்துதல், பிள்ளைகளின் பிணக்கைத் தணித்தல் என்பன அவர் தொழில். ஒருவர் இருவராக அனுப்பாது, ஒரு பாடசாலைக்கு ஒரு குழுவாகவே அனுப்பினர். தனித்து வரும் கிழவர் விருந்தாளியாவர்; பதினைவர் சேர்ந்து வரின் பாடசாலையின் ஓர் உறுப்பாவர்.

அந்நகரத்தில் 1999–2000 பாடசாலையாண்டில் 60 முதல் 86 வயது வரையுள்ள 128 முதியோரைத் திருவுளச்சீட்டுப் போடுவதுபோல இரு கூறாக்கி, ஒரு கூற்றாரைப் பாடசாலைகளுக்கு அனுப்பிப் பார்த்தனர். போனவர்களுடைய உடலுழைப்பும் வலியும் கூடின. ஆபத்துக்கு உதவுவார் என்று எண்ணத்தக்க மனிதரின் தொகையும் கூடிற்று. போகாதவரோ தொலைக்காட்சியின் முன் இருக்கும் நேரத்தைக் கூட்டினர். அம்முதியோர் சென்ற பாடசாலைகளில் குழப்பஞ்செய்து தலைமையாசிரியரிடம் அனுப்பப்படும் பிள்ளைகளின் தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று. ஆராயப்பட்ட பாடசாலைகள் ஆறே. ஆதலின் இதனை மிகைபடப் பேசலாகாது. பின்னர்ப் பொஸ்ரன், நியூயோர்க், போட் ஆதர் என்னும் நகரங்களிற் செய்த விரிந்த ஆராய்ச்சியிலும், முதியோர் துணைபெற்ற பிள்ளைகள் பொருளுணர்ந்து வாசித்தலில் மற்றையோரை முந்தினர். அம்முந்துதல் அளவிற் சிறிது, ஆயினும் மெய்.

நம் ஊர்களிலோ, மக்கள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய்விட, பெரிய வீட்டிலே தனித்திருக்கும் பென்சன் ஆசிரியர்கள் எத்தனைபேர்! அவ்வீட்டு மதிலுக்கு அப்பாலே, யுத்தத்திலே தந்தையை இழந்து வளர்ந்த தாயொருத்தியின் பிள்ளை வாசிக்கத் தெரியாதிருக்கின்றது. இவ்விருவரையும் கூட்டிவைத்தல் ஆசிரியரால் இயலும். எழுத்தறியாத ஆச்சியையும் விலக்கவேண்டியதில்லை, பிள்ளை உரக்க வாசிக்க அவர் கேட்டிருந்து, "பிறகென்ன நடந்தது?" என்று வினவுதலே பெரும் பயிற்சியாம். பஸ் காசைப் பழைய மாணவர் சங்கத்தாரிடம் கேட்கலாம்.

முதியவரை இடாப்பு எழுதவும் மணியடிக்கவும் ஏவுவோமாயின் இரண்டொரு மாதத்தில் அவர் நின்றுவிடுவர். இன்ன பிள்ளை, இன்ன நாள், இன்ன புத்தகம் என்று ஆசிரியரே வரையறுத்துக் கொடுத்தல் வேண்டும். இருவரும் பலர் காணும் விறாந்தையிலே இருக்கட்டும். அடைத்த அறை எக்காரணத்தாலும் ஆகாது. முன்கூறிய அமெரிக்க ஏற்பாட்டில், சேர்வோரின் குற்றப்பதிவைச் சோதித்த பின்னரே சிறுவரிடம் விடுவர். ஊரார் மதிக்கும் பெரியவராயினும் விசாரியாது சேர்த்தல் தகாது.

இன்னொன்று. 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி, வளர்ந்தோர் ஒருவரின் துணை ஓராண்டுக்கு மேல் நீடித்த சிறுவரே பெரும்பயன் பெற்றனர் என்றும், மூன்று மாதத்துள் கைவிடப்பட்டோர் தம்மைத் தாமே மதித்தலில் முன்னையினும் தாழ்ந்தனர் என்றும் கண்டது. முன்னமே கைவிடப்பட்ட பிள்ளைக்கு இரண்டாமுறை அது நேர்தல் கொடிது. ஆதலின், ஓராண்டு வர இயலுமோ என்று முதலிலே கேட்டு, இயலாதென்பாரை நூல்நிலைய வேலைக்கு வைத்துக்கொள்க. மாரிகாலத்திலே முதியோர் நோயுறுதல் இயல்பு. அந்நாட்களுக்கு வரத்தக்க இரண்டாமவர் ஒருவரையும் பிள்ளை முன்னரே அறிந்திருக்கச் செய்க.