மொட்டை மாடியில் மீட்டர் கேஜ்: பித்தளைத் தண்டவாளத்தை வெட்டும் முறை

செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில் காஞ்சிபுரம் வழியாக ஒரு காலத்தில் ஓடியது மீட்டர் கேஜ் ரயில். அந்த ஒரு மீட்டர் அகலத்தை 22.5ஆல் வகுத்தால் 44.4 மி.மீ. வரும். ஜெர்மனியின் எல்ஜிபி 1968 முதல் விற்றுவரும் தோட்ட ரயிலின் தண்டவாள அகலம் 45 மி.மீ. ஆகவே, நம் ஊரில் ஓடிய அந்தப் பழைய ரயிலையும், இன்றும் மீட்டர் கேஜிலேயே ஏறும் ஊட்டி மலை ரயிலையும் சரியான விகிதத்தில் ஓட்டிப் பார்க்க இதுவே தோதான பாதை. சிக்கல் இடத்தில்தான். சின்ன காஞ்சிபுரத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளின் மாடி குறுகலாக நீண்டிருக்கும். நடுவே தண்ணீர்த் தொட்டியும் படிக்கட்டு அறையும் நிற்கும். கடையில் வரும் 30, 60, 120 செ.மீ. துண்டுகள் அதற்குள் கச்சிதமாக உட்காராது. எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும். அப்படி வெட்டும்போது முதலில் யோசிக்க வேண்டியது சூட்டைப் பற்றி. பித்தளை எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். அதே சூட்டில் ஒன்றரை மடங்குக்கும் மேல் நீளும். எந்தக் கருவி, எவ்வளவு இடைவெளி என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இதிலேயே இருக்கிறது.

முதலில் எதையும் வெட்டாமல் வளைவுகளைப் போட்டுவிடுங்கள். பிறகு நேர்த்துண்டுகளை அடுக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் ஓர் இடைவெளி மிஞ்சும். வெட்ட வேண்டியது அங்கே மட்டும்தான். அது 5 செ.மீ. என்றால் 5 செ.மீ. துண்டு செய்யாதீர்கள், அவ்வளவு சிறிய துண்டு இரண்டு சிலிப்பர் கட்டைகளில் நிற்காமல் ஆடும். பக்கத்து 30 செ.மீ. துண்டை எடுத்துவிட்டு, 60 செ.மீ. துண்டிலிருந்து 35 செ.மீ. வெட்டிப் போடுங்கள். அளவு குறித்ததும், சிலிப்பர் வரிசைக்கு அடியில் பிடிமானத் திருகு இருந்தால் கழற்றிவிட்டு, தண்டவாளத்தை நீளவாக்கில் உருவி எடுங்கள். பிளாஸ்டிக்கோடு சேர்த்து வெட்டவே கூடாது.

வேகமாகச் சுழலும் கட்டிங் மெஷின் இருக்கும்போது கைரம்பம் எதற்கு என்று கேட்பார்கள். மெஷின் சில நொடிகளில் அறுத்துவிடும், உண்மைதான். ஆனால் அந்தச் சில நொடிகளில் பிறக்கும் சூடு பித்தளை வழியே ஓடி, சிலிப்பர் மாட்டியிருந்தால் அதன் கொக்கிகளை இளக்கிவிடும். வட்டும் வழுக்கிச் சாய்வாக இறங்கும். கைரம்பத்தில் வெட்டு கோணலாகும் என்ற குறையைப் போக்க ஒரு மரக்கட்டை போதும். அதில் தண்டவாளம் இறுக்கமாக உட்காரும்படி ஒரு பள்ளமும், அதற்குச் செங்குத்தாக ரம்பம் இறங்க ஒரு பிளவும் போட்டு, கட்டையை வைஸில் பிடித்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 32 பல் உள்ள புது பிளேடு வேண்டும். இரும்பை அறுத்து மழுங்கிய பிளேடு பித்தளையில் கடிக்காமல் வழுக்கும். பல் முன்பக்கம் பார்க்கட்டும்; தள்ளும்போது மட்டும் அழுத்தம் கொடுங்கள். தலைப்பக்கம் தொடங்கி அடிப்பக்கம் வரும்போது அழுத்தத்தைத் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் கடைசி இழை அறுபடாமல் முறிந்து, பிசிறு நிற்கும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

அறுப்பதைவிட அரம் போடுவதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முனையைச் சதுரமாக்குங்கள். சக்கரத்தின் விளிம்பு உரசும் உள்பக்க ஓரத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். துளி பிசிறு பட்டாலும் மறுபடி அரம் போடுங்கள், வண்டி தடம் புரள்வது அங்கேதான். இணைப்புத் தகடு நுழையும் அடிப்பாகத்தையும் வழித்துவிடுங்கள். கடைசி சிலிப்பரின் கொக்கிகளைக் கத்தியால் சீவினால்தான் தகட்டுக்கு இடம் கிடைக்கும்.

வளைவை வெட்ட நேர்ந்தால் வேறு கணக்கு. 60 செ.மீ. ஆரமுள்ள 30 பாகைத் துண்டில் வெளித்தண்டவாளம் உள்தண்டவாளத்தைவிடச் சுமார் 24 மி.மீ. நீளம். இரண்டையும் ஒரே அளவில் வெட்டினால் முனை சாய்ந்துவிடும். வட்டத்தின் மையத்தில் ஓர் ஆணி அடித்து, நூல் இழுத்து, அந்த நூல் கடக்கும் இடத்தில் இரண்டிலும் குறியிடுங்கள். தறி வீட்டுப் பட்டு நூல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் அது வேண்டாம், இழுத்தால் நீளும். கொத்தனார் மட்டம் பிடிக்கும் நூலே சரி.

இனி வெயிலுக்கு வருவோம். தை மாதக் காலையில் 25 பாகை செல்சியஸில் இருக்கும் தண்டவாளம் சித்திரை வெயிலில் 65 வரை போவதாக வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை ஒரு பாகைக்கு மீட்டருக்கு 0.019 மி.மீ. நீளும். 10 மீட்டர் பாதை 7.6 மி.மீ. வளரும், 1.2 மீட்டர் துண்டு 0.9 மி.மீ. இடம் விடாவிட்டால் பாதை பாம்புபோல் நெளியும். ஏடிஎம் அட்டையின் கனம் 0.76 மி.மீ. அதனுடன் ஒரு விசிட்டிங் கார்டைச் சேர்த்து, குளிர்ந்த காலையில் 1.2 மீட்டருக்கு ஒரு முறை இணைப்பில் செருகி, பாதை முடிந்ததும் உருவிவிடுங்கள். நடுப்பகலில் போடுவதானால் பாதி இடைவெளி போதும்.

நிஜ ரயில்பாதையில் கிலோமீட்டர் கணக்கில் இடைவெளியே இல்லாமல் பற்றவைக்கிறார்களே என்ற கேள்வி நியாயமானது. அங்கே கனத்த கான்கிரீட் சிலிப்பரும், இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பும், ஜல்லியும் சேர்ந்து தண்டவாளத்தை நகரவிடாமல் அடக்குகின்றன. மாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் சிலிப்பருக்கு அந்தப் பலம் கிடையாது. இடைவெளியால் மின்சாரம் அறுபடும் என்பதும் ஒரு தயக்கம். இணைப்பின் இரு பக்கமும் மெல்லிய பலபுரி ஒயரைத் தளர்வாக வைத்துப் பற்றவைத்தால் போதும். அந்த வேலையை, தண்டவாளத்தைச் சிலிப்பரில் மாட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்; இங்கேயும் சூடு ஓடும்.

பாதை பிரியும் பாயிண்ட்டில் மட்டும் ரம்பத்தை வைக்காதீர்கள். அதன் நகரும் நாக்கும் நடுக்கூரும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் செய்யப்பட்டவை. கெட்டால் வீட்டில் சரிசெய்வது கடினம். இடம் போதாவிட்டால், அதை ஒட்டியுள்ள நேர்த்துண்டை வெட்டுங்கள்.